புணருத்தான்: அறச்சலூர்க் குகையில் ஒரு வினைச்சொல்

அறச்சலூர் நாகமலைக் குகையில் உள்ள பழங்கல்வெட்டில் வினைமுற்று ஒன்றே ஒன்றுதான்: ‘புணருத்தான்’. செய்தவன் பெயர் அதே கல்லில் இருக்கிறது. அவன் தொழில் இருக்கிறது. அவன் செய்த பொருளும் இரு பக்கங்களில் வெட்டப்பட்டிருக்கிறது. ஆனால் அவன் செய்த செயல் இன்னதென்று சொல்லும் அந்த ஒரு சொல்லுக்குப் பொருள் காண்பதுதான் எளிதாக இல்லை. எழுத்தைப் பொறித்தான் என்றால் அவன் கல்தச்சன். எழுத்துகளை அடுக்கினான் என்றால் ஏதோ ஒரு கணக்கை அறிந்தவன். இயற்றினான் என்றால் தமிழகத்தில் தன் இசையமைப்பின் கீழ் பெயரைப் பொறித்துக்கொண்டவர்களில் மிகப் பழையவன்.

ஈரோட்டிலிருந்து காங்கேயம் போகும் சாலையில் அறச்சலூர் இருக்கிறது. தீரன் சின்னமலையின் ஓடாநிலை பக்கத்தில்தான் என்பதால் ஊர்ப்பெயர் கொங்கு நாட்டில் பலருக்குப் பழக்கம். கல்வெட்டுக்கு அந்தப் புகழ் கிடையாது. ஊரை ஒட்டிய நாகமலைக் கரட்டில் ஆண்டிப்பாறை என்று வழங்கும் இயற்கைக் குகைத்தளம் ஒன்று உண்டு. துறவிகள் தங்குவதற்கான கற்படுக்கைகளும் அங்கே உள்ளன. 1960களின் தொடக்கத்தில் புலவர் செ. இராசு இங்குள்ள எழுத்துகளைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். பின்னாளில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டுப் பேராசிரியராக இருந்தவர் அவர். கொங்கு நாட்டுச் செப்பேடுகளையும் பட்டயங்களையும் ஊர் ஊராகப் போய்த் தேடித் தொகுத்தவரும் அவரே.

எழுத்துகள் தமிழ்ப் பிராமியின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்தவை. வட்டெழுத்தாக மாறத் தொடங்கிய வடிவம் அவற்றில் தெரிகிறது. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் இவற்றைக் கி.பி. 4ஆம் நூற்றாண்டில் வைத்தார். அதற்கு ஓரிரு நூற்றாண்டு முன்னதாக வைப்போரும் உண்டு. மொத்தம் மூன்று பொறிப்புகள். ஒன்றில், ‘எழுத்துப் புணருத்தான் மணிய் வண்ணக்கன் தேவன் சாத்தன்’ என்ற சிறு தொடர். மற்ற இரண்டிலும் தொடரே கிடையாது. வரிக்கு ஐந்து எழுத்தாக ஐந்து வரிகள், ஆக 25 எழுத்துகள் கொண்ட இரண்டு கட்டங்கள். பொதுவாக ஏற்கப்பட்ட வாசிப்பின்படி ஒரு கட்டம் ‘த தை தா தை த’ என்றும், இன்னொன்று ‘கை த தை த கை’ என்றும் தொடங்குகின்றன. இடமிருந்து வலமாகப் படித்தாலும் வலமிருந்து இடமாகப் படித்தாலும் வரி மாறாது. மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் அப்படியே.

பெயர்த் தொடரின் வாசிப்பிலும் எல்லோரும் ஒன்றுபடவில்லை. ‘மணிய்’ என்று சிலர் படித்த இடத்தைச் சிலர் ‘மலைய்’ என்று படித்தனர். ‘எழுத்துப்’ என்பதை ‘எழுத்தும்’ என்று படித்தவர்களும் உண்டு. இந்த ஒற்றை மெய்யெழுத்தில் பெரிய வேறுபாடு அடங்கியிருக்கிறது. ‘எழுத்தும் புணருத்தான்’ என்றால் எழுத்தை மட்டுமல்ல, வேறொன்றையும் அவன் புணர்த்தான் என்ற குறிப்பு வந்துவிடும். பாட்டையா, ஆட்டத்தையா, தாளத்தையா என்ற அடுத்த கேள்வி உடனே எழும். ‘எழுத்துப் புணருத்தான்’ என்றால் கேள்வி எழுத்தோடு நின்றுவிடும். இரண்டாவது வாசிப்பே பாதுகாப்பானது. தொடருக்குள் இல்லாத ஒரு பொருளை அது கேட்பதில்லை.

நிச்சயமாகப் பொருள் தெரிந்த சொல்லிலிருந்து தொடங்குவதுதான் முறை. அது வண்ணக்கன். நாணயத்தின் வண்ணமும் மாற்றும் பார்த்துத் தரம் சொல்பவன் வண்ணக்கன். சங்கப் புலவர் பெயர்களில் இந்தத் தொழிற்பெயர் பலமுறை வருகிறது: வடம வண்ணக்கன் பேரி சாத்தனார், வடம வண்ணக்கன் தாமோதரனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர் கிழான். காசு பார்க்கும் கண்ணும் பாட்டுக் கட்டும் நாவும் ஒருவரிடமே இருந்தது அக்காலத்தில் வியப்பாக இல்லை என்பதற்கு இந்தப் பெயர்ப்பட்டியலே போதும். ஆகவே அறச்சலூர்க்காரன் வண்ணக்கன் என்பதற்காக அவனைக் கலைக்குப் புறத்தே நிறுத்த முடியாது.

‘மணிய்’ என்ற வாசிப்பு சரியென்றால் அவன் மணிக்கல் பார்த்தவன். அது அந்த வட்டாரத்துக்கு மிகவும் பொருந்துகிறது. அதே ஈரோடு மாவட்டத்தில், நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. 1980களிலிருந்து நடந்த அகழாய்வுகளில் அங்கே மணிக்கற்களை அறுத்துத் துளையிட்டு மெருகேற்றிய தொழிற்கூடங்களும், இரும்பு உருக்கிய உலைகளும், தமிழ்ப் பிராமியில் ஆள்பெயர் கீறிய பானை ஓடுகளும் கிடைத்தன. பதிற்றுப்பத்து புகழும் கொடுமணம் இதுவே என்பர். காங்கேயத்தை அடுத்த படியூரில் கடல்நிறப் பச்சைக்கல் கிடைத்தது; 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அங்கே சுரங்கம் வெட்டி அதை எடுத்தனர். கோவையை ஒட்டிய வெள்ளலூரில் 1842இல் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுக் குவியலில் பெரும்பகுதி அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தவை. மேலைக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்கும் அப்பாலும் போன பெருவழி இந்த நிலத்தின் ஊடாகத்தான் சென்றது. காசும் கல்லும் கைமாறும் வழியில் அவற்றின் தரம் சொல்ல ஆள் வேண்டும். சாத்தன் என்ற பெயரிலும் வணிகச் சாத்தின் வாடை இருப்பதாகச் சிலர் கருதுவர். அது அந்தக் காலத்தில் எல்லோரும் வைத்துக்கொண்ட பெயர் என்பதால் அதை அதிகம் வலியுறுத்த வேண்டியதில்லை.

எழுவாய் தெளிவாகிவிட்டது. இனி வினை. பழங்கல்வெட்டின் வினைச்சொற்களுக்கு எப்படிப் பொருள் காண்கிறார்கள் என்பதைக் கொங்கு நாட்டையும் அதன் அண்டையையும் சேர்ந்த குகைகளிலேயே பார்க்கலாம்.

கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலையில் சேர மன்னர் குடி மூன்று தலைமுறைக்குப் பெயர் பெற்றிருக்கிறது. யாற்றூர்ச் செங்காயபன் என்ற மூத்த சமணத் துறவிக்கு, செல்லிரும்பொறை மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ ‘இளங்கோ ஆக அறுத்த கல்’ என்று அந்தக் கல்வெட்டு முடிகிறது. ‘அறுத்த’ என்பதில் யாருக்கும் குழப்பம் வராது. கல்லை அறுப்பது கொங்கு நாட்டில் இன்றும் கல் குவாரியில் கேட்கும் பேச்சு. குழப்பம் அதற்கு முன்னால் நிற்கும் ‘ஆக’ என்ற சின்னச் சொல்லில் இருக்கிறது. இளவரசனாக இருந்துகொண்டு அறுத்தான் என்பதா, இளவரசப் பட்டம் ஏற்ற வேளையில் அறுக்கப்பட்டது என்பதா? மகாதேவன் உள்ளிட்டோர் ஏற்றது இரண்டாவதை. ‘ஞாயிறு பட வந்தான்’ என்பதில் ‘பட’ எப்படி நேரத்தைக் காட்டுகிறதோ அப்படியே இங்கே ‘ஆக’. அதை ஏற்றால் இந்தக் கல்வெட்டு ஒரு பட்டமேற்பு விழாவின் ஆவணமாகிறது. ஏற்காவிட்டால் வெறும் கொடைக் குறிப்பு. சேரர் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி இரண்டெழுத்துச் சொல்லின் இலக்கணத்தில் தொங்குகிறது.

அதே மலையில் கீரன் கொற்றியும் கீரன் ஓரியும் ‘செய்பித பளி’ என்று இருக்கிறது. இது செய்வித்த பள்ளி. ஒற்று இரட்டிப்பதை எழுத்தில் காட்டாத பழக்கம் அப்போது இருந்ததால் ‘பள்ளி’ ‘பளி’ ஆயிற்று. ‘பித்த’ ‘பித’ ஆயிற்று. இந்தப் பழக்கத்தை நினைவில் வைக்காமல் பழைய வினைகளைத் தொட்டால் சிக்கல்தான். மதுரை மாங்குளத்துக் கல்வெட்டுகளில் வரும் ‘கொட்டுபித்த’ இதற்கு நல்ல சான்று. கொடுப்பித்த என்று கொண்டால் ஒருவன் பள்ளியைக் கொடையாகக் கொடுக்கச் செய்தான் என்றாகும். கொட்டு என்பது கொத்து என்பதைப் போல வெட்டுதலைக் குறிக்கும் என்று கொண்டால் பாறையை வெட்டச் செய்தான் என்றாகும். ஒன்று கொடை, மற்றொன்று வேலை. மகாதேவன் வெட்டுவித்தலைத் தேர்ந்தார். மாங்குளத்துக் கல்வெட்டுகள் 1882இல் ராபர்ட் சுவெல் கண்டவை. அவற்றின் மொழி தமிழே என்பதை 1924இல் கே.வி. சுப்பிரமணிய அய்யர் எடுத்துக்காட்டும் வரை வினைமுற்றை வினைமுற்றாகவே பலர் காணவில்லை. பிராகிருதச் சொல்லாகப் படிக்கப் பார்த்தனர்.

சேலம் மாவட்டத்து அம்மன்கோயில்பட்டிக் கல்வெட்டு வேறு வகைச் சிக்கல். கணதேவன் என்பவன் ‘தொட்ட சுனை’ என்கிறது அது. தொடு என்றால் இன்று கை வைப்பது. பழந்தமிழில் தோண்டுவதும் தொடுதலே. திருக்குறளில் மணற்கேணியைப் பற்றிய குறள் அந்தப் பொருளைப் பள்ளிப்பிள்ளைக்கும் கற்றுத் தந்திருக்கிறது. இலக்கியம் கைகொடுக்காமல் இருந்தால், சுனையை ஒருவன் தொட்டதை ஏன் கல்லில் வெட்டினார்கள் என்று எந்தச் சடங்கையாவது கற்பித்திருப்பார்கள். 1981இல் தென்பெண்ணை வட்டாரத்து ஜம்பையில் கண்டறிந்த கல்வெட்டில் அதியன் நெடுமான் அஞ்சி ‘ஈத்த பாளி’ என்று இருக்கிறது. ஈதல் பேச்சில் ஒழிந்துவிட்ட வினை, செய்யுளில் வாழ்கிறது, அதனால் தகடூர் மன்னனின் கொடை தடுமாற்றமின்றிப் படிக்கப்பட்டது.

தமிழுக்கு உள்ள இந்த வசதி எல்லாப் பழைய மொழிக்கும் வாய்க்கவில்லை. இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில், சார்டிஸ் நகரைத் தலைமையாகக் கொண்டு வாழ்ந்தவர்கள் லிடியர். செல்வத்துக்குப் பழமொழியாக நின்ற குரோசஸ் அவர்களின் மன்னன்தான். அவர்கள் மொழியில் கிடைத்தவை சற்றேறக்குறைய நூறு கல்வெட்டுகள், பெரும்பாலும் கி.மு. 5, 4ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. இலக்கியம் ஒரு வரிகூட மிஞ்சவில்லை, பேசுவோரும் இல்லை. எழுத்தை ஒலிக்கத் தெரிந்தும் பொருள் தெரியாமல் அறிஞர்கள் நின்றனர். 1912இல் அமெரிக்க அகழாய்வுக் குழு சார்டிஸில் லிடியமும் அரமேயமும் அருகருகே வெட்டிய கல்லறைக் கல்வெட்டு ஒன்றை எடுத்தது. மானேஸ் என்பவருக்கு உரிய கல்லறை அது. அதைச் சிதைப்பவனின் வீடு, முற்றம், நிலம், நீர் எல்லாவற்றையும் எபேசஸ் ஆர்ட்டெமிஸ் தெய்வமும் கொலோயே ஆர்ட்டெமிஸ் தெய்வமும் அழிக்கட்டும் என்பது அதன் சாபம். என்னோ லிட்மன் 1916இல் அதை வெளியிட்டார். அரமேயப் பக்கத்தில் ‘அழிக்கட்டும்’ என்று பொருள்படும் வினை நின்ற இடத்துக்கு நேரே லிடியத்தில் ஒரு சொல் நின்றது. அப்படித்தான் அதன் பொருள் பிடிபட்டது. அந்தக் கல்லில் வராத வினைகளுக்கு அந்த உதவியும் இல்லை. ஒரு சொல் எந்தெந்தக் கல்லில், எந்தப் பெயருக்குப் பக்கத்தில், எந்த விகுதியோடு வருகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் பொருளை ஊகிக்க வேண்டும். இத்தாலிய அறிஞர் ரொபெர்ட்டோ குஸ்மானி 1964இல் வெளியிட்ட லிடிய அகராதிக்குப் பிறகும் இன்னதுதான் பொருள் என்று கைவைத்துச் சொல்ல முடியாத வினைகள் உண்டு. இடையே ஒரு செய்தி: பொன்னின் மாற்றுப் பார்க்கும் உரைகல்லைக் கிரேக்கர் லிடியக் கல் என்றே அழைத்தனர். காசு அடிப்பதில் முன்னோடிகளான லிடியரிடமும் வண்ணக்கர்கள் இருந்திருக்கத்தான் வேண்டும்.

அறச்சலூருக்கு இருமொழிக் கல் கிடையாது. ஆனால் அதனினும் மேலான ஒன்று உண்டு: வினையின் விளைவே பக்கத்தில் இருக்கிறது. சார்டிஸ் ஆய்வாளருக்குச் சூழலைக் கொண்டு பொருள் காணும் முறை வேறு வழியில்லாத கடைசி வழி. அறச்சலூரில் அதுவே முதல் வழி.

புணர் என்ற வேருக்கு இன்றைய பேச்சில் ஒரே பொருள்தான் மிஞ்சியிருக்கிறது. அதைச் சபையில் சொல்லவும் கூசுவார்கள். இலக்கண வகுப்பில் மட்டும் புணர்ச்சி விதி என்று கூச்சமில்லாமல் வரும். தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் புணரியல் என்றே ஓர் இயல் உண்டு. ஒரு சொல்லின் கடைசி ஒலி அடுத்த சொல்லின் முதல் ஒலியோடு சேர்வதை அது சொல்கிறது. கட்டைகளைப் பிணைத்த தெப்பம் புணை. பொருளால் நெருங்கிய சொல். தன்வினையாகப் புணர்ந்தான் என்றால் தானே சேர்ந்தான். புணர்த்தான் என்றால் வேறொன்றைச் சேர்த்தான். இந்தச் சேர்த்தலிலிருந்து பொருந்த அமைத்தல், இயற்றுதல் என்ற பொருள்கள் கிளைத்தன. செய்யுளுக்கு யாப்பு என்று பெயர் வந்ததும் கட்டுதல் என்ற பொருளால்தான் என்பதை இங்கே நினைக்க வேண்டும். பாட்டுக் கட்டுகிறான் என்று கொங்கு நாட்டுக் கும்மிக்காரர் சொல்வதில் இருப்பதும் அதே எண்ணம்.

எழுத்து என்ற சொல்லையும் அப்படியே விட முடியாது. வரிவடிவமும் எழுத்து, ஒலியும் எழுத்து. தொல்காப்பியம் எழுத்து என்று பேசுவது பெரும்பாலும் ஒலியைப் பற்றி. நூன்மரபின் கடைசி நூற்பா, இசையில் எழுத்துகள் தம் அளவைக் கடந்து நீளும் என்பதை யாழ்நூலார் மரபாகக் குறிக்கிறது. எழுத்து என்றவுடன் உளியும் கல்லும் மட்டும் நினைவுக்கு வரும் காலம் அல்ல அது.

பெயர்த் தொடர் மட்டும் கிடைத்து இரு கட்டங்களும் கிடைக்காமல் போயிருந்தால், ‘எழுத்துப் புணருத்தான்’ என்பதை எழுத்து வெட்டிய கல்தச்சனின் கையொப்பம் என்றுதான் எவரும் படித்திருப்பர். பிற்காலக் கோயில் கல்வெட்டுகளின் முடிவில் ‘இவை இன்னான் எழுத்து’ என்று கையொப்பம் வருவது தெரிந்ததே. ஆனால் பொறித்தலுக்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. எழுதுதல் உண்டு, வெட்டுதல் உண்டு, பொறித்தல் உண்டு. குகைக் கல்வெட்டுகளே அறுத்தலையும் கொட்டுதலையும் அறிந்திருந்தன. அத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, தேவன் சாத்தன் புணர்த்தலைத் தேர்ந்தான். கட்டங்களில் உள்ள எழுத்துகளோ ஐந்தாறுதான். அவையே மாறி மாறி இடம் பெயர்ந்து 25 இடங்களையும் நிரப்புகின்றன. அந்தக் கட்டத்தைச் செய்யும் வேலை முழுக்கச் சேர்க்கும் வேலை. எந்த ஒலிக்கு அடுத்து எந்த ஒலி என்று தீர்மானிக்கும் வேலை. ஆகவே பொறித்தவன் என்ற விளக்கத்தைத் தள்ளிவிடலாம். எழுத்தொலிகளை முறைப்படி இணைத்து இந்தக் கட்டங்களை அமைத்தவன் அவன். உளி பிடித்தது அவன் கையா, வேறொருவன் கையா என்பதைப் பற்றிக் கல்வெட்டு எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று கருதவும் இல்லை.

அடுத்து, வினையின் வடிவம். இலக்கணப்படி இது புணர்த்தான். ய, ர, ழ என்ற மூன்று மெய்களுக்குப் பின் இன்னொரு மெய் இரட்டித்து நிற்கலாம் என்று தொல்காப்பியம் இடம் தருவதால், ரகர ஒற்றுக்குப் பின் தகரம் இரட்டிப்பது குற்றமில்லை. கல்லில் இருப்பதோ ‘புணருத்தான்’. ரகரத்தின் மேல் ஓர் உகரம் ஏறியிருக்கிறது. தமிழ்ப் பிராமியில் இது மிகச் சிறிய வேறுபாடு. ரகரம் ஒரு நேர்க்கோடு. அதன் அடியில் பக்கவாட்டில் இழுத்த சிறு கீற்றுதான் உகரம். அந்தக் கீற்றைப் பிழை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் மெய்யெழுத்துகள் நெருங்கி வரும் இடத்தில் உகரத்தைச் செருகி நாக்குக்கு வழிவிடுவது தமிழ்ப் பேச்சின் பழைய குணம்; சொல்லைச் ‘சொல்லு’ என்றும், நாளை ‘நாளு’ என்றும் ஆக்கும் அதே குணம். வண்ணக்கன் ஒருவன் தான் பேசியபடி எழுதினான் என்று கொள்வதே இயல்பு. ‘மணிய்’ என்பதன் கடைசியில் தேவையில்லாமல் நிற்கும் யகரமும் அதே காலத்துப் பழக்கம். மாங்குளத்திலும் இகரத்தின் பின் யகரம் இப்படி ஒட்டிக்கொண்டு வருகிறது.

அமைத்தது எதற்காக? இங்கேதான் கருத்துகள் பிரிகின்றன. இசைக் கல்வெட்டு என்று பெயர் பரவிவிட்டது. த, தை, தா, தே என்ற ஒலிகள் ஆடலுக்குச் சொல்லும் சொற்கட்டையே உடனே நினைவூட்டும். எனவே ஆடலுக்கு உரியது என்போரும் உண்டு. அளவைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஐகாரமும் நெடில். அந்தக் கணக்கில் ‘த தை தா தை த’ என்ற வரி எட்டு மாத்திரை. ‘கை த தை த கை’ என்ற வரியும் எட்டு மாத்திரை. குறில் நிற்கும் இடம் ஒன்றில் ஓரத்தில், இன்னொன்றில் உள்ளே. வரியின் மொத்தம் ஒன்றே, நடை வேறு. எட்டின் மேல் நடக்கும் தாளம் உலகில் எங்கும் உண்டு என்பதால் இதைக் கொண்டு தாளத்தின் பெயர் சொல்லிவிட முடியாது. ஆனால் குறில் நெடில் அறிந்தே வைத்தவன் அவன் என்று நினைக்க இடமிருக்கிறது.

புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையில் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இசைக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கிரந்த எழுத்தில், நரம்புக் கருவியில் பயிலும் மாணவருக்காக வெட்டப்பட்டது அது. அங்கே சுரப்பெயர்களின் மெய் மாறாமல் உயிர் மட்டும் அகரம், இகரம், உகரம், எகரம் என்று மாறுகிறது. அறச்சலூரில் தகரம் மாறாமல் அதன் மேல் ஏறும் உயிர் மாறுவதை இதனோடு வைத்துப் பார்க்கத் தோன்றும். இரண்டுக்கும் இடையே சில நூற்றாண்டுகள். மொழியும் எழுத்தும் வேறு. ஆனால் ஒரே மெய்யை வைத்துக்கொண்டு உயிரை மாற்றிக் கலையின் நுட்பத்தைக் குறிக்கும் முறை தென்னாட்டில் ஒருமுறை மட்டும் நடந்த விபத்து அல்ல என்பதற்கு இது சான்று.

கட்டத்தின் சமச்சீரை வெறும் வித்தை என்று எண்ணுவாரும் உண்டு. பிற்காலச் சித்திரகவிகளில் திருப்பிப் படித்தாலும் மாறாத மாலைமாற்று உண்டு. நான்கு திசையிலும் படிக்கத் தகும் சருப்பதோபத்திரம் உண்டு. தண்டியலங்காரம் அவற்றுக்கு இலக்கணம் சொல்கிறது. ரோமானிய உலகிலும் ஐந்துக்கு ஐந்தாக, நான்கு திசையிலும் ஒன்றாகவே படிக்கும் இலத்தீன் எழுத்துச் சதுரம் ஒன்று பல நாடுகளின் சுவர்களில் கிடைத்திருக்கிறது. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயில் 1936இல் கண்டதும் அதில் சேரும். அந்தச் சதுரத்தில் நிற்கும் ‘அரெப்போ’ வேறெங்கும் வராத சொல். ஆள்பெயரா என்று இன்றும் வழக்காடுகிறார்கள். ஆனால் இலத்தீன் சதுரம் சொற்களால் ஆனது, தமிழ்ச் சித்திரகவி பாட்டால் ஆனது. அறச்சலூர்க் கட்டங்களில் சொல்லே இல்லை. வாயால் ஒலித்துக் காட்டினால் ஒழிய அவற்றால் ஒரு பயனும் இல்லை. ஆகவே கண்ணுக்கான வித்தை என்பதைவிடக் காதுக்கான பாடம் என்பதே பொருந்துகிறது. இசைக்கா ஆடலுக்கா என்று பிரித்துக் கேட்பதும் இன்றைய மேடையின் கேள்வி. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் ஆடலாசான், இசையாசிரியன், தண்ணுமை முதல்வன், யாழாசிரியன் எல்லோரும் ஒரே அரங்குக்கு உரியவர்கள். ஒருவர் கலை மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே அங்கே எதிர்பார்ப்பு.

சமணத் துறவி படுத்த குகையில் ஆட்டத்துக்கோ பாட்டுக்கோ என்ன வேலை என்ற கேள்வி மிஞ்சுகிறது. இத்தகைய குகைகளுக்குக் கொடை கொடுத்தவர்களில் வணிகரும் உண்டு. புகழூரிலேயே கரூர்ப் பொன் வாணிகன் நத்தி என்பவன் இருக்கை வெட்டித் தந்திருக்கிறான். ஆனால் அறச்சலூர்த் தொடரில் கொடை என்ற சொல் இல்லை, பள்ளி என்ற சொல் இல்லை, துறவியின் பெயரும் இல்லை. கொங்கு நாட்டுக் குகைக் கல்வெட்டுகளில் தான் கொடுத்ததைச் சொல்லாமல் தான் படைத்ததைச் சொல்லும் கல்வெட்டு இது. துறவிகள் இருந்த காலத்தில் வெட்டியதா, அவர்கள் விட்டுப்போன பிறகு வெட்டியதா என்பதை எழுத்து வடிவத்தைக் கொண்டு பிரித்தறிய முடியாது.

இத்தனை முடிவுகளும் தங்கியிருப்பது விரல் நீளம்கூட இல்லாத கோடுகளின் மேல். நாகமலைக்கு ஏறுகிறவர்கள் படம் தெளிவாக விழ வேண்டும் என்று எழுத்தின் மேல் சாக்கட்டியோ சுண்ணாம்போ தடவக் கூடாது, கல்லால் கீறி ஆழப்படுத்தவும் கூடாது. ரகரத்தின் அடியில் உள்ள அந்தச் சிறு கீற்று தேய்ந்தால் புணருத்தான் புணர்த்தான் ஆகிவிடும். ஒற்று ஒன்று மாறினால் ‘எழுத்துப்’ என்பது ‘எழுத்தும்’ ஆகிவிடும். காலைச் சாய்வெயிலில் நின்று பார்த்தாலே எழுத்து கண்ணுக்குப் படும்.